கடப்பு வழியே வரும் பாட்டு

மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் ஏறாவூரில் இறங்குவதில்லை. காலையில் கொழும்புக் கோட்டையில் புறப்படும் உதயதேவி கல் ஓயாச் சந்தியில் திருகோணமலைத் தண்டவாளத்தைப் பிரிந்து, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை என்று பகல் முழுக்க வெயிலில் ஊர்ந்து வாழைச்சேனையைத் தொட்டதுமே, பெட்டிக்குள் எல்லோரும் தலைக்கு மேலிருக்கும் பைகளை இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கடைசி நிலையம். அதற்குச் சற்று முன்னால் வரும் ஏறாவூரில் என்னோடு இறங்கியவர்கள் ஊர்க்காரர்கள்தான்: கொழும்பில் கடை வைத்திருக்கும் இருவர், தைத்த உடுப்பு மூட்டையோடு ஒரு பொடியன், ஆஸ்பத்திரிக் காகிதங்களை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு தாய்.

சுற்றுலாக் கையேடுகளும் இப்படித்தான் இந்த ஊரைத் தாண்டிப் போகின்றன. வடக்கே பாசிக்குடாக் கடற்கரை, தெற்கே கல்லடிப் பாலம். இரண்டுக்கும் நடுவில், திருகோணமலை வீதியின் இரு மருங்கிலும் கடைகளை நெருக்கி வைத்துக்கொண்டு கிடக்கும் இந்த முஸ்லிம் ஊரைப் பற்றி ஒரு வரி கிடைப்பதே அரிது. நான் வந்தது கடற்கரைக்கு அல்ல. கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து பாடும் பாட்டின் மேல் எனக்குச் சில காலமாக ஒரு பித்து. மட்டக்களப்பில் ஆசிரியையாக இருக்கும் சிநேகிதியிடம் அதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா தங்கச்சி பாடுற பாட்டுத்தானே வேணும்? ஏறாவூருக்குப் போங்க. ஆனா மேடை இருக்காது. மைக் இருக்காது. குழுவுக்குப் பேரும் இருக்காது.”

பேருள்ள குழுக்கள் உலகத்தில் நிறைய உண்டு. இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரத்தில் வாட்டர்சன் குடும்பத்து நோர்மா, மைக், லால் மூவரும் ஒன்றுவிட்ட சகோதரன் ஜோன் ஹாரிசனைச் சேர்த்துக்கொண்டு பாடினார்கள். 1965இல் ‘ஃப்ரொஸ்ட் அண்ட் ஃபயர்’ என்ற இசைத்தட்டு வந்தது. வாத்தியம் ஒன்றும் கிடையாது. நான்கு குரல்கள் ஆளுக்கொரு வழி போய், போன இடத்தில் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். நாகாலாந்தின் பேக் மாவட்டத்திலிருந்து வந்த டெட்சியோ சகோதரிகள் தங்கள் சக்கேசாங் நாகர் மரபின் ‘லி’ பாடல்களை அதே மாதிரிப் பல குரலில் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். நம் பக்கத்தில் பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களைச் சொல்ல வேண்டும். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட்டுக் கட்டிப் பாட, தம்பிமார் கூடப் போனார்கள். அந்தத் தம்பிமாரில் இருவர் பின்னாளில் இளையராஜா, கங்கை அமரன்.

கூடப் பிறந்தவர்களின் குரல் இப்படிப் பொருந்துவது ஏன் என்று கேட்டால், ஒரே இரத்தம், ஒரே தொண்டை என்று பதில் வரும். எனக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை. ஒரே தொண்டை இருந்தும் ஆளுக்கொரு சுதியில் கத்தும் குடும்பத்தில்தான் நான் வளர்ந்தேன். வாட்டர்சன் பிள்ளைகள் சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, ஒரு பாட்டியின் வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பண்ணைப்புரத்துச் சகோதரர்களுக்குத் தாய் சின்னத்தாயின் பாட்டு வீட்டிலேயே இருந்தது. இரத்தத்தைவிட வீட்டின் பங்குதான் பெரிது என்பது என் எண்ணம். ஒரு பிள்ளையின் குரல் எங்கே மூச்சு வாங்கும் என்பதை மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரே சுவருக்குள் கழிந்த இரவுகள்தான்.

அப்படிப் பார்த்தால் ஏறாவூரை விடச் சரியான இடம் இந்தத் தீவில் கிடைக்காது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் வீடு பெண்ணுக்கு. தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் தாயின் வீடு அவளுக்கு எழுதப்படும். தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவில் பின்பக்கம் ஒரு குடிலுக்கோ புதிதாகக் கட்டிய வீட்டுக்கோ ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு முறை வரும்போது அந்த வீடும் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். குடி என்று சொல்லும் வம்ச முறையும் தாய் வழியில்தான் இறங்குகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்ய முடியாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்பது பழைய ஏற்பாடு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி இந்த முறையை ஆராய்ந்தவர்; அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. லயத்துக் காம்பராவில், தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான சுவர்களுக்குள் பிறந்த என் போன்ற ஒருத்திக்கு, வீடு மகனுக்கா மகளுக்கா என்ற கேள்வி எழவே வாய்ப்பில்லை.

இந்த முறையால் வேறொன்றும் நடக்கிறது. கலியாணம் கட்டிய பிறகு அண்ணன் தம்பிமார்தான் ஆளுக்கொரு தெருவுக்குப் பிரிந்து போகிறார்கள். அக்கா தங்கச்சிமார் சாகும்வரை அடுத்தடுத்த வளவு. ஒருத்தி அம்மியில் அரைத்தால் மற்றவளுக்குக் கேட்கும்.

சிநேகிதி சொல்லிவிட்ட வீடு, பெரிய வீதியிலிருந்து உள்ளே போய் இரண்டு முடக்குத் திரும்பினால் வரும் ஒழுங்கையில் இருந்தது. மூன்று வீடுகள் வரிசையாக. மூத்தவளுடையது ஓட்டு வீடு, தாய் விட்டுப் போனது. நடுவுள்ளவளுடையது சீற் போட்டது. மூன்றாவது புதிது, கொங்கிறீட் கல் வைத்துக் கட்டிப் பூச்சு வேலை முடியாமல் நின்றது. கதவில் பூட்டுத் தொங்கியது. வீடுகளுக்கு நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஓர் ஆள் சரிந்து போகிற அளவுக்குச் சின்னக் கடப்பு. கடப்படியில் மண் இறுகிப் பளபளவென்று இருந்தது.

பெண் என்பதால் எனக்கு நேரே அடுப்படி வரைக்கும் அனுமதி.

“வாங்க புள்ள, உள்ளுக்கு வாங்க. இரிங்க,” என்று மூத்தவள் பாயை உதறிப் போட்டாள். அறுபதைத் தாண்டிய உடம்பு. முக்காட்டை அடிக்கொரு தரம் இழுத்துவிடும் கை. நடுவுள்ளவள் பாக்குவெட்டியோடு கடப்பால் வந்து சேர்ந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“நாங்க என்ன றேடியோக்காரியா? புள்ளைக்குப் பாடுறத்துக்கு ஆரு வந்து கேப்பாங்க?”

தேத்தண்ணி வந்தது, பிறகு சோறு, இறால் சுண்டல், மாங்காய்ச் சம்பல் வந்தது. பாட்டு வரவில்லை. கைக்குழந்தையான பேரப்பிள்ளை ஏணையில் சிணுங்கியபோதுதான் வந்தது. மூத்தவள் எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஏணைக் கயிற்றை ஒரு கையால் ஆட்டியபடி, மற்றக் கையைத் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டு, மார்புக்குள்ளிருந்து வருவது போன்ற கீழ்க் குரலில் தொடங்கினாள். முதல் அடி முடியும் வரைக்கும் தங்கச்சி பாக்கை வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டாவது அடியின் பாதியில், தலையை நிமிர்த்தாமலே, அக்காவின் சொல்லுக்குள் நுழைந்தாள். மெட்டு ஒன்றுதான், ஆனால் இவள் போன பாதை கொஞ்சம் வேறு. அக்கா நேராக இறங்கிய இடத்தில் இவள் ஒரு சுழி போட்டு இறங்கினாள். அந்தச் சுழியின் கணத்தில் இரண்டு சுரங்கள் ஒன்றாகக் கேட்டன. பிறகு கூடின. அக்கா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் தங்கச்சி கடைசி எழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டதும் இவள் விட்டாள். ஏணை அசைவு நிற்கவில்லை, பாட்டு ஓரிடத்திலும் அறவில்லை. பாக்குவெட்டி மட்டும் நடுவில் இரண்டு தரம் ‘டக்’ என்றது.

இதை ஆர் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

“உம்மாவும் சாச்சியும் இப்பிடித்தான். ஒராள் மட்டும் பாடினா மூச்சு எடுக்கிற எடத்துல புள்ள முழிச்சிரும். ரெண்டு பேர் பாடினா புள்ளைக்கு வெளங்காது.”

கருநாடக இசை படித்தவர்கள் நம்மிடம் பல்குரல் இசை கிடையாது, எல்லோரும் ஒரே சுரத்தில் பாடுகிறவர்கள் என்பார்கள். பெரிய அளவில் அது சரிதான். ஹல் நகரத்தவர்கள் போல மேலொன்று கீழொன்று என்று குரல் பிரித்துப் பாடும் முறை இங்கே இல்லை. ஆனால் அந்த அடுப்படியில் கேட்டதை ஒரே குரல் என்று எழுதினால் பொய்யாகும். இரண்டு பெண்கள் ஒரே பாட்டை ஆளுக்கொரு நடையில் நடந்து போகிறார்கள். அடிக்கடி தோள் உரசுகிறது. திட்டம் போட்டு வந்த இசை இல்லை. குழந்தை தூங்க வேண்டும் என்ற அவசியத்தில் வந்தது.

கிழக்கின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்கள் உண்டு. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. முஸ்லிம் ஊர்களின் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் நீண்ட காலம் அலைந்து சேர்த்தார். மச்சானும் மச்சியும் மாறி மாறிப் பாடும் நாலடிக் கவிகள், வயல் பாட்டுகள், தாலாட்டுகள் எல்லாம் சொல்லாக அச்சேறியிருக்கின்றன. நன்றி சொல்ல வேண்டிய வேலை. ஆனால் தொகுப்புகளைப் புரட்டும்போது எனக்கு ஒரு குறை: பாடல் ஒருவர் வாயிலிருந்து வந்ததுபோல நாலு வரியாக நிற்கிறது. மற்றவள் எங்கே நுழைந்தாள், எங்கே பிடித்துக்கொண்டாள் என்பது தாளில் ஏறவில்லை. தாளில் ஏறக்கூடியதும் இல்லைதான்.

ஆண்கள் பாட்டைத் தேடித் தெருவுக்கு வந்தேன். பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு தேத்தண்ணிக் கடையில், வெள்ளைத் தொப்பியும் கட்டம் போட்ட சாரனுமாக இருந்த பெரியவர் ஒருவர் சூட்டுக்களத்தைப் பற்றிச் சொன்னார். ஏறாவூர்க்காரருக்கு வயல் எல்லாம் பதுளை வீதியில் மேற்கே, கரடியனாறு, புல்லுமலைப் பக்கம். வயல் சொந்தக்காரரான போடியார் முஸ்லிமாக இருப்பார், வேலைக்காரர் தமிழராக இருப்பார்கள், மறுதலையும் உண்டு. எருமையை வளைத்துக் கட்டிச் சூடு மிதிக்கும் இரவில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பொலி பாடுவார்கள். களத்துக்குள் சாதாரணப் பேச்சு ஆகாது. அதற்கென்று தனிச் சொற்கள், இருப்பதை இல்லை என்று சொல்லாத பேச்சு. “அண்ணன் தம்பி பாடினது குறைவு,” என்றார் யோசித்துவிட்டு. “எங்கட காக்கா கட்டினது மற்றப் பக்கம். அவர் மச்சான்மாரோட பாடுவார். நான் என்ட மச்சான்மாரோட.” இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது. அதன் இரைச்சலுக்கு முன்னால் பாடினால் பாடுகிறவனுக்கே கேட்காது என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் காசை என்னைக் கொடுக்கவிடாமல் எழும்பிப் போனார்.

நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு றபானைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பைத் பாடி எழுப்பும் பக்கீர் பாவாமாரைப் பற்றியும் கேட்டேன். முந்தியைப் போல இல்லை, போன் எழுப்புகிறது என்றார்கள். களிகம்பு ஆட்டம் இன்னும் விழாக்களில் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகுகிறார்கள். ஆண்களின் இந்தக் கலைகளுக்குப் பேர் உண்டு, குழு உண்டு, கலாசார விழாவில் ஒரு சான்றிதழும் உண்டு. ஏணைக் கயிற்றை ஆட்டுகிறவளுக்குச் சான்றிதழ் கொடுக்க எந்தத் திணைக்களத்துக்கும் தோன்றியதில்லை. தோன்றாமல் இருப்பதே நல்லது என்றும் சில வேளை நினைக்கிறேன்.

தமிழ் ஊர்கள் கூப்பிடு தூரம். வடமேற்கே போனால் செங்கலடி, வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில்தான். இந்தப் பக்கத்துக் கூத்துகளில் வட்டக்களரியின் ஓரத்தில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, ஆடுகிறவன் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு. அதற்கெல்லாம் சி. மௌனகுரு தொடங்கிப் பலர் நூல் எழுதியிருக்கிறார்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. செங்கலடியில் சிநேகிதியின் உறவான ஒரு பெரியம்மா வீட்டில் கேட்டதை மட்டும் சொல்கிறேன். ஏறாவூர்ச் சகோதரிகளின் மெட்டை வாய்க்குள் முனகிக் காட்டினேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். “இது எங்கட அம்மாட பாட்டல்லோ?” மெட்டு அதுதான், ஏற்ற இறக்கம் அதுதான். அங்கே நபியின் குடும்பத்துப் பெயர்கள் வந்த இடத்தில் இங்கே கண்ணன் வந்தான். எந்தத் தாய் எந்தத் தாயிடம் வாங்கினாள் என்று கேட்பதில் பொருளில்லை. பேறு பார்க்கவும் நெல்லுக் குத்தவும் இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே முற்றத்தில் இருந்த காலம் ஒன்று இருந்தது.

பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம் என்பது இங்கே எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. தேர்தல் மேடையில் கேட்டுக் கேட்டு எனக்கு அது கொஞ்சம் புளித்துப் போயிருந்தது. ஆனால் அந்தப் பிட்டுக் குழல் எப்படி உடைந்தது என்பதையும் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுதக் கூடாது. 1990 ஆகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையுமாக விடுதலைப் புலிகள் ஏறாவூருக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த வீடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டது அதற்கு ஒரு வாரம் முன்னர்தான். அடுத்த மாதம், செப்டம்பர் 9இல், ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் உள்ள சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் தமிழர்கள் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்: 184 பேர். இரண்டு இடத்துக்கும் நடுவில் பஸ்ஸில் போனால் சில நிமிடம். அந்த ஓராண்டுக்குள் எத்தனை முற்றங்களில் மற்றப் பக்கத்துக் காலடி நின்றுபோயிருக்கும்! அடுப்படியில் இருந்த மணித்தியாலங்களில் சகோதரிகள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. செங்கலடியில் அந்தப் பெரியம்மா மட்டும், “பிறகு நாங்க அங்க கலியாணத்துக்குப் போறதில்ல,” என்றார். எந்தப் ‘பிறகு’ என்று விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு மாலை கல்லடிக்குப் போனேன். மட்டக்களப்புக்கு வந்து பாடும் மீனைக் கேட்காமல் போனால் சிநேகிதி மன்னிக்க மாட்டாள். 1924இல் கட்டிய, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயர் தாங்கிய பழைய இரும்புப் பாலம் இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும். பக்கத்தில் 2013இல் திறந்த அகலப் பாலத்தில் லொறிகள். முழுநிலா நாட்களில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை வாவியில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்பார்கள். 1848இல் வந்த எமர்சன் டெனன்ட், அப்போது இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர், படகின் மரத்தில் காதை வைத்துக் கேட்டார். 1859இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதியிருப்பது என் பித்துக்குத் தீனி: ஒரே நாதமாக அல்லாமல் எண்ணற்ற சின்னச் சின்ன ஒலிகளாக, ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாக, மெல்லிய மேல் ஒலியும் அடிக் கட்டை ஒலியும் கலந்து வந்ததாம். அவரைக் கூட்டிப்போன மீனவர்கள் அதை மீன் என்று சொல்லவில்லை. ஊரி, அதாவது நத்தை, கத்துகிறது என்றார்கள். காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் பள்ளிக்கூடம் நடத்திய சுவாமி விபுலாநந்தர் அதை நீரர மகளிரின் இசையாகக் கண்டு பாடல் செய்தார். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய ‘யாழ் நூலில்’ அது இருக்கிறது. பின்னாளில் அருட்தந்தை லாங் உதவியோடு ஒலிப்பதிவு செய்து வானொலியில் ஒலிபரப்பினார்கள். நான் போன இரவில் நிலா இருந்தது. புதிய பாலத்து லொறிகளும் இருந்தன. எனக்குக் கேட்டது லொறிதான்.

மட்டக்களப்பில் குடும்பமாகப் பாடுகிறவர்கள் வேறும் இருக்கிறார்கள் என்பதை அங்கே நினைத்துக்கொண்டேன். போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர், வயலினோடும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தோடும். கோயிலில் பாடிப் பழகிய குடும்பங்கள் அவை. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குவைத்தில் விடுமுறை. ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட்டுச் சாய்ந்த பிறகு ஏறாவூர் அடுப்படிக்குத் திரும்பப் போயிருந்தேன். நடுவுள்ளவள் போனைத் தண்ணிக் குடத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தாள். இமோ காணொளி அழைப்பில் மூன்றாவது தங்கச்சி. அந்தப் பூட்டிய கல்வீட்டுக்காரி. ஒரு குவைத் வீட்டில் வேலை. கையில் இஸ்திரிப் பெட்டியோடு குறுகிய அறையொன்றில் நின்றாள். அந்த வீட்டை எழுப்பியது அவளுடைய காசு. இன்னும் பூச்சு மிச்சம்.

“ராத்தா, கேக்குதா? இந்தப் புள்ள ஆரு?”

என்னைக் காட்டி, பாட்டுக் கேட்க வந்தவ என்றார்கள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவளாகவே, ஏணையைக் காட்டச் சொன்னாள். தன் மகளுடைய பிள்ளை அது. பிறந்த பிறகு அவள் கையில் தூக்கியதில்லை.

மூத்தவள் தொடங்கினாள். நடுவுள்ளவள் வழக்கமான இடத்தில் நுழைந்தாள். போனுக்குள்ளிருந்து மூன்றாவது குரல், இருவரையும்விட மெல்லியதாக, மேலே, ஆனால் பிந்தி வந்தது. குவைத்துக்கு இவர்கள் பாட்டுப் போய், அவள் கேட்டுப் பாடி, அது திரும்ப வர ஒரு தாளம் சுணங்கியது. இவர்கள் வரியை முடித்த பின்னரும் அவள் முடித்துக்கொண்டிருந்தாள். சரிதான், குழம்பப் போகிறது என்று நினைத்தேன். குழம்பவில்லை. மூத்தவள் ஒவ்வோர் அடியின் கடைசியையும் அவள் வந்து சேரும் வரைக்கும் நீட்டிப் பிடித்தாள். முந்தாநாள் கேட்ட பாட்டில் அந்த நீட்டல் இல்லை. நடுவுள்ளவளின் சுழியும் இடம் மாறியிருந்தது. இப்போது அது தங்கச்சியின் பிந்திய சொல்லுக்கு மேல் விழுந்தது. ஒரு வரி முடியும் இடத்தில் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள், மூன்றும் பொருந்தியது. அவள் போன காலத்திலிருந்து, வெள்ளிக்கு வெள்ளி, இணையத்தின் சுணக்கத்தையும் சேர்த்துப் பழகிவிட்ட பாட்டு அது. ஆரும் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கவில்லை.

ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டேன். மூத்தவள் தலையை ஆட்டினாள். பொம்புளைக் குரல் றோட்டுக்குப் போகக் கூடாது என்றாள், கோபமில்லாமல். வீட்டில் ஒரு பேரன் பாட்டே கூடாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம். “அவன் இந்த ஏணையிலதான் கெடந்தான்,” என்று நடுவுள்ளவள் பாக்கை வாயில் போட்டாள். மார்க்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார். குரவை போடுவது குறைந்துவிட்டது, பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குப் பாடுவது நின்றேவிட்டது என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். தாலாட்டை மட்டும் ஆரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிள்ளையை அவன்தான் ஆட்ட வேண்டும்.

பாட்டு முடிந்ததும் பேச்சு வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வருடம் கணக்கு முடித்து வருவதாக அவள் சொன்னாள். வருவதற்குள் பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும். சீமெந்து விலை மூட்டைக்கு என்ன என்று கேட்டாள். நடுவுள்ளவள் சொன்ன விலையைக் கேட்டு இரண்டு பேருமாக அரசாங்கத்தை ஏசினார்கள். பிறகு குவைத்திலிருந்து புதிய யோசனை ஒன்று வந்தது. கிடுகு வேலி ஆண்டுக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியிருக்கிறதே, காசோடு காசாக மூன்று வளவுக்கும் மதில் எழுப்பிவிட்டால் என்ன? தன் மகளுக்கு நாளைக்கு வீடு கொடுக்கும்போது எல்லை சரியாக இருக்க வேண்டும்.

“மதிலக் கட்டு. கடப்ப விட்டுக் கட்டு,” என்றாள் மூத்தவள்.

“விடத்தானே வேணும் ராத்தா. ரெண்டடி விடச் சொல்லுறன்.”

“ரெண்டடியா? எனக்கு மூட்டு வருத்தம். சரிஞ்சு வர ஏலாது. மூண்டடி விடு.”

மேசனைக் கேட்காமல் மூன்றடி என்று எப்படிச் சொல்வது என்று போனுக்குள்ளிருந்து பதில், ஒரு தாளம் சுணங்கி, வந்தது. மூத்தவள் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்: படலை போடுவதா, சும்மா திறந்தே விடுவதா. படலை போட்டால் ஆட்டுக்கு நல்லது என்றாள் நடுவுள்ளவள். ஆடு ஆருடையது என்று அங்கிருந்து கேட்டாள் தங்கச்சி. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் எழும்பும்போது கணக்கு இரண்டரை அடிக்கு வந்திருந்தது.